கோர்வை விழும் இடம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீடு. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, விளிம்பில் போட்ட பலகையில் உட்கார்ந்திருக்கிறார் நெசவாளர். தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. உடல் அரக்கு, கரை பச்சை. ஊடை என்னும் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. வலது கரையின் நாடாவைப் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக் கொடுப்பது அவர் மனைவி.

நெய்த பகுதியைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். அரக்கு ஊடை விளிம்புவரை வந்து, பச்சை ஊடையைக் கொக்கிபோல் வளைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறது. ஒவ்வொரு ஊடைக்கும் அப்படியே. "இழுங்க சார், நல்லாவே இழுங்க," என்றார். பயந்துகொண்டே இழுத்தேன். எதுவும் ஆகவில்லை. "கரையைத் தனியா நெய்து தெச்சிருந்தா இந்நேரம் பல்லை இளிச்சிருக்கும். இது கோர்வை."

என் கண் அவர் பலகைமேல் போயிற்று. எழுந்திருக்கும்போது அதைச் சற்றுப் பின்னால் தள்ளினார். சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. குனிந்து பார்த்தேன். மேசை டிராயருக்குப் போடும் இரும்புச் சேனல் இரண்டு, பலகைக்கு அடியில். "நான் ஒக்காந்தா முட்டி இடிக்கும், இவ ஒக்காந்தா கை எட்டாது. அதான்," என்றார். அந்தப் பலகைக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன். ஏனென்றால் இந்த அத்தியாயத்தின் விஷயமே நகரும் இருக்கைதான்: பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும் போகிற கார் சீட். அதில் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டேன் என்று ஒருவர் காப்புரிமை கேட்டால், அது புதிதுதான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து கார் சீட்டைப் பற்றிப் பேசுவதில் விசித்திரம் ஏதுமில்லை. இதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில்தான் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்கே 1998-ல் ஹூண்டாய் தன் முதல் இந்தியக் கார்களை வெளியே விட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை. அவற்றைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள். தறி வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று பொழுது விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள். அப்பா நாடா எறிகிறார், மகன் போல்ட் முடுக்குகிறான்.

முதலில் சீட் எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடலாம். டிராயர் சேனலை ஒரு தடவை கழற்றிப் பார்த்தவருக்குப் பாதி புரிந்துவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு தகட்டுத் தண்டவாளங்கள். இடையில் எஃகுக் குண்டுகள். கீழ்த்தண்டவாளம் காரின் தரையோடு முடுக்கப்பட்டிருக்கும். மேல்தண்டவாளம் சீட்டோடு சேர்ந்து வழுக்கும். கையால் தள்ளுகிற சீட்டில், அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கினால் பூட்டு விடுபடும். மோட்டார் வைத்த சீட்டில் அந்தக் கம்பிக்கு வேலையில்லை. சின்ன மோட்டார் ஒன்று நடுவில். அதிலிருந்து வளையும் தண்டுகள் இரண்டு பக்கத் தண்டவாளத்துக்கும் போகின்றன. அங்கே பல்சக்கரப் பெட்டி. அது நீளமான திருகாணியில் ஏறி நடக்கிறது. மோட்டார் படுவேகமாகச் சுற்றினாலும் சீட் வினாடிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் நகரும். வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குகிற பழைய பண்டமாற்று.

பூட்டு எங்கே போயிற்று? திருகாணியே பூட்டு. லாரிக்கு டயர் மாற்றும்போது திருகு ஜாக்கி வைப்பார்கள். கைப்பிடியைச் சுற்றினால் லாரி மேலே எழும்பும். லாரியின் பாரம் கைப்பிடியைத் திருப்பிச் சுற்றாது. புரியின் சாய்வு குறைவாக இருந்தால் உராய்வு அதைப் பிடித்துக்கொள்ளும். சீட்டுக்கு இது சாதாரண விஷயமல்ல. ஐ.நா.வின் 17-ஆம் எண் வாகன விதிப்படி, மோதலின்போது புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு வேகமாறுதலை சீட்டும் அதன் பிடிமானமும் தாங்கவேண்டும். 25 கிலோ சீட் அந்தக் கணத்தில் 500 கிலோவாக இழுக்கும்.

இப்போது ஒரு விண்ணப்பத்தைக் கற்பனை செய்வோம். கதைக்காக நான் கட்டியது, ஆள் யாருமில்லை. ஒரகடம் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். அவர் செய்த அமைப்பில், கார் நின்றதும் டிரைவர் சீட் தானே பின்னுக்குப் போகிறது, இறங்க வசதி. அப்படிப் போகும்போது பின்சீட்டில் இருக்கும் குழந்தையின் கால் மாட்டிக்கொண்டால்? மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு: எதிர்ப்பு கூடக்கூட அது அதிகம் மின்னோட்டம் குடிக்கும். ஆகவே மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருந்து, அது ஓர் எல்லையைத் தாண்டினால் மோட்டாரைத் திருப்பி ஓட்டு. நல்ல யோசனை. காப்புரிமை கேட்கிறார்.

காப்புரிமை என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் வேர் 'திறந்திருப்பது'. எல்லோரும் படிக்கும்படி திறந்த அரசாணை. நம் ஊரில் இதைச் சொல்லித்தர அதிகம் மெனக்கெட வேண்டாம். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தகச் சோழன் காலத்துச் சபை, யார் உறுப்பினராகலாம், யார் ஆகக் கூடாது என்பதைச் சுவரில் வெட்டிவைத்தது 919, 921-ஆம் ஆண்டுகளில். மறைக்காமல் சொல்வதுதான் இங்கேயும் விலை. நீ கண்டதை, அந்தத் தொழில் தெரிந்தவன் படித்துச் செய்யும் அளவுக்கு விளக்கமாக எழுதிக்கொடு. 20 ஆண்டு பிறர் செய்யாமல் உனக்குக் காவல் தருகிறேன் என்கிறது அரசு. இந்தியாவில் 1856-ல் வந்த முதல் சட்டத்தின்கீழ் முதலில் மனுப் போட்டவர் கல்கத்தாப் பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங். அவர் காவல் கேட்டது பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. துரைமாருக்குக் காற்று வீசக் கயிறு இழுத்த கூலியாளின் வேலைக்கு இயந்திரம்! அந்தக் கூலியாளை யாரும் கலந்து பேசியிருக்கமாட்டார்கள்.

இன்று நடப்பில் இருக்கும் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது ஒரு தமிழரின் அறிக்கை: நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், 1959. இந்தியாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பங்கு வெளிநாட்டார் கையில் இருப்பதையும், அவற்றில் மிகச் சிலவே இங்கு உற்பத்திக்கு வருவதையும் எடுத்துக்காட்டி, எதற்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டச் சொன்னவர் அவர்.

நம் பட்டறைக்காரர் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கிறார். தனிநபர் என்பதால் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். பதினெட்டு மாதம் ரகசியம், பிறகு வெளியிடுவார்கள். ஆனால் விண்ணப்பம் போட்டதால் மட்டும் யாரும் அதைப் படித்துப் பார்க்கப்போவதில்லை! 'பரிசோதியுங்கள்' என்று 18-ஆம் எண் படிவத்தில், 4,000 ரூபாய் கட்டித் தனியாகக் கேட்கவேண்டும். முன்பு இதற்கு 48 மாதம் தவணை. 2024 மார்ச்சில் விதி மாறி 31 மாதமாகச் சுருங்கியது. மறந்தால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே கணக்கு.

பரிசோதகர் கைக்குக் கோப்பு வருகிறது. அவர் முதலில் பார்ப்பது படத்தையல்ல, விளக்கத்தையுமல்ல. க்ளெய்ம் என்று அலுவலகத்தில் சொல்லும் உரிமைக்கோரலை. அது எத்தனை நீளமானாலும் ஒரே வாக்கியமாக இருக்கவேண்டும் என்பது மரபு. நம் பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை சொல்வதுபோல. கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வாய்க்கால் என்று எல்லை கட்டுவதுதான் அதன் வேலை. பல க்ளெய்ம்களில் நடுவே ஒரு மடிப்பு விழும்: 'இதன் தனித்தன்மை யாதெனில்...' அதற்கு முன்னால் இருப்பது ஊரறிந்தது. பின்னால் இருப்பது தன்னுடையது. உடலும் கரையும் மாதிரி.

ஊரறிந்தது எது என்று தேடவேண்டுமே. உலகத்துக் காப்புரிமைப் பத்திரங்கள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. சொல்லைப் போட்டுத் தேடினால் ஒருவர் 'இருக்கை' என்பார், இன்னொருவர் 'அமர்வுச் சாதனம்' என்பார். அதற்காகத்தான் உலகம் முழுவதும் ஒரே வகைப்பாட்டு எண் வைத்திருக்கிறார்கள். வண்டி இருக்கைக்கு பி60என் 2. அதற்குள்ளே வழுக்கும் இருக்கைக்கு ஓர் அறை, அதில் திருகாணியால் நகர்வதற்கு ஓர் உள்ளறை. அதே அலமாரியில் சற்றுத் தள்ளிப் போனால் டி பிரிவு, துணிமணி. அங்கே டி03டி 29 என்றால் கைத்தறி. பிள்ளையார்பாளையமும் ஒரகடமும் ஒரே அலமாரியின் இரண்டு தட்டு.

பரிசோதகருக்கு வலையில் விழுவது என்ன? மோட்டாரில் நகரும் சீட், பழைய சரக்கு. 1957-லேயே அமெரிக்காவில் கேடிலாக் எல்டொராடோ ப்ரோம் காரில், டிரைவருக்குப் பிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் சீட் வந்துவிட்டது. இறங்கும்போது தானே பின்னால் போவதும் பழசு. மின்னோட்டம் ஏறினால் திருப்பி ஓட்டுவது? கார் கண்ணாடியில் அதுதானே நடக்கிறது. விரல் மாட்டினால் கண்ணாடி கீழே இறங்குகிறதே. பல நாட்டு விதிகளில் 100 நியூட்டனுக்குமேல், அதாவது ஏறக்குறைய 10 கிலோ பாரத்துக்குமேல், அழுத்துமுன் கண்ணாடி திரும்பவேண்டும்.

முதல் பரிசோதனை அறிக்கை போகிறது. முதல் ஆவணம், நகரும் சீட். இரண்டாம் ஆவணம், திரும்பும் கண்ணாடி. இரண்டையும் சேர்த்தால் உங்கள் முதல் க்ளெய்ம் வந்துவிடுகிறது. இத்தொழிலில் தேர்ந்தவருக்கு இது வெளிப்படையே. பதில் சொல்ல ஆறு மாதம்.

நம் பட்டறைக்காரருக்குக் கோபம் வருகிறது. இரண்டையும் இதுவரை யாராவது சேர்த்தார்களா? இல்லையே! அப்படியானால் புதிதுதானே?

புதிதுதான். ஆனால் புதுமை முதல் வாசற்படி மட்டும். இரண்டாவது படியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சட்டம் அதைப் 'புத்தாக்கப் படி' என்கிறது: இருக்கிற அறிவைவிடத் தொழில்நுட்பத்தில் ஒரு முன்னேற்றமோ, பொருளாதார முக்கியத்துவமோ, இரண்டுமோ இருக்கவேண்டும், அதோடு அத்துறையில் தேர்ந்தவருக்கு அது வெளிப்படையாகத் தெரியக்கூடாது.

யார் அந்தத் தேர்ந்தவர்? இதற்கு இந்தியாவில் வழிகாட்டியது ஒரு பாத்திரப் பட்டறை வழக்கு. மிர்சாப்பூர் பித்தளைப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அங்கே கடைசலில் பாத்திரத்தைப் பிடித்து மெருகேற்றும்போது அது சில சமயம் பிடி விட்டுப் பறக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம், பாத்திரத்தை எதிர்ப்பக்கத்திலிருந்தும் முட்டுக் கொடுத்துப் பிடிக்கும் அமைப்புக்கு 1951 முதல் செல்லும் காப்புரிமை வாங்கியது. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் என்ற இன்னொரு நிறுவனம் அதையே செய்ய, வழக்கு. உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: எதிர்முட்டு கடைசல்காரர்களுக்குப் பழைய சங்கதி, பட்டறையில் அன்றாடம் நடக்கும் சில்லறை மேம்பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது. அன்றைய சட்டத்தில் காப்புரிமையின் வழக்கமான ஆயுள் 16 ஆண்டு; தீர்ப்பு வர 27 ஆண்டு. நம் நீதிமன்றங்களின் வேகத்தைப் பற்றி நான் தனியாக ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதே கேள்வி காருக்குள்ளேயே எழுந்தது. குள்ளமான டிரைவருக்கு சீட்டை முன்னால் தள்ளுவதற்குப் பதில் மிதியை அவர் பக்கம் கொண்டுவந்தால் என்ன என்று சிலர் யோசித்திருந்தார்கள். நகரும் மிதி இருந்தது. மின்னணு உணரியும் இருந்தது. இரண்டையும் ஓர் இடத்தில் பொருத்தியதற்கான காப்புரிமையின் தனி உரிமம் டெலிஃப்ளெக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. கே.எஸ்.ஆர். நிறுவனத்தோடு நடந்த அந்த வழக்கில் 2007 ஏப்ரல் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னதன் சாரம் இது: தேர்ந்த தொழிலாளி சொன்னதை மட்டும் செய்யும் பொம்மை அல்ல, அவனுக்கும் மூளை உண்டு, தெரிந்த துண்டுகளைத் தானே பொருத்திப் பார்ப்பான். ஆகவே அந்தப் பொருத்தல் வெளிப்படையானதே.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கும். காப்புரிமை வாங்குபவரின் கெட்டிக்காரத்தனத்தைக் குறைத்துச் சொல்வதல்ல இது. காப்புரிமை வாங்காத ஆயிரம் மெக்கானிக்குகளின் கெட்டிக்காரத்தனத்துக்குக் கொடுத்த மரியாதை.

நம் சட்டத்தில் 3(எஃப்) என்று ஒரு பிரிவு இருக்கிறது. தெரிந்த கருவிகளை அடுக்கினாலோ, மாற்றி அடுக்கினாலோ, அவை ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தன்பாட்டில் செய்துகொண்டிருந்தால், அது கண்டுபிடிப்பே ஆகாது. படித்ததும் எனக்குப் பிள்ளையார்பாளையம்தான் நினைவுக்கு வந்தது. தைத்த கரை! பச்சையும் பட்டு, அரக்கும் பட்டு. பக்கத்தில் பக்கமாக இருக்கின்றன. ஒன்றை ஒன்று பிடிக்கவில்லை. பரிசோதகர் தேடுவது கோர்வையை. துணியைப் புரட்டி, அடிப்பக்கத்தில், இரண்டு ஊடையும் கொக்கி போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்.

நம்மவரின் சீட்டும் கண்ணாடியின் தந்திரமும் அப்படிக் கொக்கி போட்டிருக்கின்றனவா? அவருடைய நான்காவது க்ளெய்மில் ஒரு வரி இருந்தது. அவரே அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

கண்ணாடியின் எடை மாறாது. சீட்டில் இன்று 45 கிலோ பாட்டி, நாளை 95 கிலோ பேரன். சமதரையில் ஒரு பாரம், அடுக்குமாடிக் கீழ்த்தளத்துச் சரிவில் வேறு பாரம். ஆளும் சீட்டுமாக 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 10 பாகைச் சரிவில் மேல்நோக்கித் தள்ளக் கூடுதலாக வேண்டிய விசை ஏறக்குறைய 170 நியூட்டன். நாம் பிடிக்க நினைக்கும் காலின் எதிர்ப்பே 100 நியூட்டன்தான். சரிவு தரும் மாற்றம் அதைவிடப் பெரிது! எல்லையைத் தாழ்த்தி வைத்தால் பேரன் உட்கார்ந்தாலே சீட் திரும்பி ஓடும். உயர்த்தி வைத்தால் குழந்தையின் கால் நசுங்கும். கண்ணாடியின் தந்திரத்தை அப்படியே எடுத்துவந்து ஒட்டினால் சீட்டில் வேலை செய்யாது.

அதனால் நான்காவது க்ளெய்ம் சொன்னது: உட்கார்ந்தவரின் எடையைச் சொல்லும் உணரியும், காரின் சரிவைச் சொல்லும் உணரியும் தரும் அளவைக்கொண்டு, ஒவ்வொரு முறை நகருமுன்பும் அந்த எல்லையைக் கணக்கிடு.

பரிசோதகர் விடுவதாக இல்லை. எடை உணரி காற்றுப்பைக்காக ஏற்கெனவே இருக்கிறது, சரிவு உணரியும் இருக்கிறது என்று மூன்றாம், நான்காம் ஆவணத்தை வைக்கிறார். ஐந்தாவதாக ஒன்று, அதுதான் கூர்மையானது: சீட் புறப்பட்டு முதல் சில மில்லிமீட்டர் ஓடும்போது எவ்வளவு மின்னோட்டம் ஆகிறதோ, அதையே இயல்பு என்று வைத்துக்கொண்டு, அதற்குமேல் ஏறினால் திரும்புவது. எடையும் வேண்டாம், சரிவும் வேண்டாம். மோட்டாரே தன் பாரத்தைத் தெரிந்துகொள்கிறது. எளிது, மலிவு. அப்படியிருக்க உங்களுடையதில் என்ன முன்னேற்றம்?

விசாரணை நாளில் நம்மவருக்காக வந்த காப்புரிமை முகவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். புறப்படும்போதே கால் மாட்டியிருந்தால்?

குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது, முன்சீட்டின் முதுகில் காலை முட்டுக் கொடுத்திருக்கிறது. மோட்டார் கிளம்பும் முதல் மில்லிமீட்டரிலேயே அந்தக் காலின் எதிர்ப்பு இருக்கிறது. ஐந்தாம் ஆவணத்தின் சீட் அதையே இயல்பு என்று கற்றுக்கொண்டு அழுத்திக்கொண்டே போகும். எடையும் சரிவும் தெரிந்த சீட்டுக்கோ, இந்தப் பாரத்துக்கு இவ்வளவுதான் மின்னோட்டம் ஆகவேண்டும் என்று நகருமுன்பே தெரியும், முதல் மில்லிமீட்டரிலேயே கணக்கு இடிக்கும், நிற்கும். எடை உணரி இங்கே காற்றுப்பைக்கு வேலை செய்யவில்லை, மோட்டாரின் காவலுக்குச் செய்கிறது. ஒன்றை எடுத்தால் மற்றது செயலிழக்கிறது. கோர்வை விழுந்துவிட்டது.

நான்காவது க்ளெய்மை முதலாவதோடு சேர்த்து எழுதிக்கொடுங்கள் என்கிறார் விசாரணையை நடத்தும் கட்டுப்பாட்டாளர். காப்புரிமை கிடைக்கிறது, ஆனால் கேட்டதைவிடக் குறுகிய நிலம். 'மின்னோட்டம் ஏறினால் திரும்பும் சீட்' முழுவதும் தனக்கு என்று வந்தவருக்கு ஒரு மூலை மனைதான். அவர் ஏமாந்ததாக நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அகலமாக எழுதிய க்ளெய்ம் நீதிமன்றத்தில் ஒரே இழுப்பில் பிரியும்.

கிண்டியில் அதே வளாகத்தில்தான் புவிசார் குறியீட்டுப் பதிவகமும் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் அங்கே பதிவு கிடைத்தது. அது வேறு வகைக் காவல்: ஒருவருக்கல்ல, ஊருக்கு, புதுமைக்கல்ல, பழமைக்கு. கோர்வைக்குக் காப்புரிமை கேட்டு நாளைக்கு யாராவது வந்தால், பாரம்பரிய அறிவு கண்டுபிடிப்பாகாது என்று 3(p) பிரிவு கதவை மூடும். அதையும் தாண்டினால், காப்புரிமை கொடுக்குமுன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுப் போடலாம். ஓர் உள்ளூர்ச் சமூகத்தின் வாய்மொழி அறிவும் அதற்கு ஆதாரமாகும். புத்தகத்தில் இருக்கவேண்டியதில்லை. பிள்ளையார்பாளையத்துத் திண்ணைப் பேச்சும் முன்னறிவுதான்.

இதையெல்லாம் அந்தத் தறி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் நாடாவைக் கீழே வைத்தார்.

"அப்ப நம்ம பலகைக்குக் கிடைக்குமா சார்?"

குனிந்து மறுபடி பார்த்தேன். சேனலில் வழுக்கும் பலகை. அது நடுவழியில் நகராமலிருக்க, மிதியில் கால் வைத்ததும் இறங்கிப் பிடிக்கிற ஒரு மரக்கட்டை, மிதிக் கயிற்றோடு கட்டியது. கால் எடுத்தால் பலகை விடுபடுகிறது. கால் வைத்தால் பூட்டிக்கொள்கிறது. பூட்டும் மிதியும் ஒன்றை ஒன்று பிடித்திருந்தன. எனக்குக் கொஞ்சம் படபடப்பாகக்கூட இருந்தது.

"இதைப் போட்டு எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வருஷம்."

"வேற யாராவது பார்த்திருக்காங்களா?"

அவர் மனைவி சிரித்துவிட்டார். "பாக்கறதா? அடுத்த தெருவுல நாலு வீட்டுல போட்டாச்சு. இவருதான் போய் மாட்டிக் குடுத்தாரு."

விண்ணப்பத்துக்கு முன்பே பலர் அறியப் பயன்பாட்டுக்கு வந்த பொருளில் புதுமை இல்லை. கண்டுபிடித்தவரே காட்டிக்கொடுத்திருந்தாலும் அதே கதிதான். அதைச் சொன்னேன்.

"சரி, போவட்டும்," என்று பலகையை முன்னால் இழுத்துக்கொண்டார். மிதியில் கால் வைத்தார். கட்டை இறங்கியது.